வன்னியின் சமய, வரலாற்று ஆய்வுக்கு நிதி: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பிரதேசத்தில், வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் மரபை ஆராய நினைக்கும் பாடசாலை ஆசிரியரும், மடுத் திருத்தலத்தைச் சூழ எழுந்த குடியேற்றங்களின் வரலாற்றை எழுத விரும்பும் அருட்தந்தையும், வன்னிமைகள் எனப்பட்ட வன்னியரின் சிற்றரசுகளைப் பற்றிய ஒல்லாந்தர் ஆவணங்களைத் தேடும் இளம் விரிவுரையாளரும் நிதி என்று வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியையே முதலில் கேட்கிறார்கள்: எவ்வளவு கிடைக்கும்? அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. யாருடைய பெயரில் விண்ணப்பிக்கலாம், எந்த மொழியில் எழுத வேண்டும், சேகரித்த மூலங்கள் ஆய்வு முடிந்த பின் யாரிடம் இருக்கும், செலவுக் கணக்குக் காட்டும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பவற்றை முதலில் கேட்டால், கண்ணைப் பறிக்கும் பெரிய தொகைகளிற் பல தாமாகவே விலகிவிடும். சிறியவை என்று ஒதுக்கப்பட்டவை முன்னுக்கு வரும். இக்கட்டுரை அந்த அடிப்படையிலேயே வழிகளை ஒப்பிடுகிறது.

வன்னியில் உள்ளவருக்கு இந்தக் கேள்விகளில் மிகவும் கடினமானது முதலாவதுதான். நிதி வழங்கும் அமைப்புகளிற் பெரும்பாலானவை விண்ணப்பதாரரிடம் ஒரு நிறுவன முகவரியை எதிர்பார்க்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் மாதத்தில் தனிப் பல்கலைக்கழகமாகியது பெரிய முன்னேற்றமே. ஆனால் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்களோடு தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்கோ சமயக் கற்கைகளுக்கோ துறை அமையவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலும் விவசாயமும் பொறியியலுமே முதன்மை பெற்றன. ஆகவே வன்னியைப் பற்றிய கலைத்துறை ஆய்வு எதுவாயினும் நிறுவன முகவரிக்கு யாழ்ப்பாணத்தையோ பேராதனையையோ கிழக்குப் பல்கலைக்கழகத்தையோ நாட வேண்டியுள்ளது. முதுதத்துவமாணிக்கோ (எம்.பில்.) கலாநிதிப் பட்டத்துக்கோ பதிவு செய்துகொள்வது பட்டத்துக்காக மட்டுமன்று. அந்தப் பதிவிலக்கம் இல்லாமல் பல விண்ணப்பப் படிவங்களின் முதற் பக்கத்தையே தாண்ட முடியாது. பதிவுக் கட்டணத்தை நிதி தேடும் முயற்சியின் முதற் செலவாகக் கருதுவதே சரி.

அரச வழிகளை எடுத்துக்கொண்டால், மனிதப்பண்பியல் துறையினருக்கு நேரடியாகப் பொருந்துவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 2005ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மனிதப்பண்பியல் சமூக விஞ்ஞான உயர் கற்கைகளுக்கான தேசிய நிலையம். கலாநிதிப் பட்டத்துக்கும் முதுதத்துவமாணிக்கும் பதிவு செய்த பல்கலைக்கழக விரிவுரையாளர்களை நோக்கியே அதன் கொடைகள் அமைந்தன. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் ஆகியவற்றின் பெயர்களும் பட்டியல்களில் வரும். அவற்றின் நாட்டம் இயற்கை விஞ்ஞானத்தின் பக்கமே சாய்ந்திருப்பதால் கோயில் வரலாற்றுக்கோ திருச்சபை வரலாற்றுக்கோ அங்கே நேரத்தைச் செலவிடுவது பெரும்பாலும் பயன் தராது. அரச நிதியின் நன்மை, கணக்கு நடைமுறை தெரிந்ததாயிருப்பதும், தமிழில் எழுதப்பட்ட ஆய்வேட்டை யாரும் குறைத்து மதிப்பிடாததும் ஆகும். அதன் குறை வெளிப்படையானது: நிரந்தர விரிவுரையாளர் அல்லாதவருக்கு அந்த வழி ஏறக்குறைய மூடியே இருக்கிறது.

விரிவுரையாளராக இருப்பவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ளதைக் குறைத்து எண்ணக்கூடாது. சம்பளத்தோடு சேர்ந்து வரும் ஆய்வுப்படியும், ஏழாண்டுச் சேவைக்குப் பின் கிடைக்கும் ஓராண்டுச் சம்பள விடுமுறையும் சேர்ந்தால், வன்னி சார்ந்த நடுத்தர அளவிலான எந்த ஆய்வையும் வெளியார் உதவி இல்லாமலே செய்துவிடலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வன்னி வரலாற்றின் எழுத்து மூலங்களிற் பெரும்பகுதி கொழும்பிலேயே இருக்கிறது. ஒல்லாந்த நிருவாகத்தின் 7,000க்கும் மேற்பட்ட தொகுதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் என்ற முறையில் 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. ஆங்கிலேயர் காலத்து அரசாங்க அதிபர்களினதும் உதவி அரசாங்க அதிபர்களினதும் நாட்குறிப்புகளும் அங்கேயே பார்க்கக் கிடைக்கின்றன. 1895ஆம் ஆண்டு வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேட்டை மட்டும் திருப்பித் திருப்பி மேற்கோள் காட்டும் பழக்கத்திலிருந்து வெளிவர வேண்டுமானால், அந்தக் கையேட்டுக்கு அடிப்படையாயிருந்த நிருவாகப் பதிவுகளையே வாசிக்க வேண்டும். அதற்குத் தேவை கொழும்பில் தங்க ஓர் அறை, பேருந்துக் கட்டணம், பிரதிக் கட்டணம், சில மாத ஓய்வு. இந்தச் செலவைக் கூட்டிப் பார்க்காமலே ஐரோப்பியப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் எழுத உட்காருகிறவர்கள் அநேகர்.

பாடசாலை ஆசிரியரின் நிலை வேறு. அவருக்குப் பற்றாக்குறையாயிருப்பது பணத்தைவிட நேரம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோடு கற்கை விடுமுறை பெற முடிந்தால், அந்த விடுமுறையே அவர் பெறக்கூடிய மிகப் பெரிய நிதி. சம்பளம் தொடரும்போது வேறெந்தச் சிறு கொடையும் மேலதிகம்தான். விடுமுறை கிடைக்காதபோது, பாடசாலை விடுமுறைக் காலங்களுக்குள் அடங்கும்படி ஆய்வை வகுத்துக்கொள்வதும், கள ஆய்வுக்கும் எண்ணிமப்படுத்தலுக்கும் (டிஜிட்டல் வடிவில் படியெடுத்தலுக்கும்) மட்டும் நிதி கேட்பதும் நடைமுறைக்கு ஏற்றது. இங்கேதான் அடுத்த வழி முக்கியமாகிறது.

அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைப் படியெடுத்துப் பாதுகாப்பதற்கென்று இரண்டு சர்வதேசத் திட்டங்கள் இயங்கி வந்துள்ளன. இரண்டுக்கும் ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளையே நிதி வழங்கியது. ஒன்று, பிரித்தானிய நூலகம் 2004ஆம் ஆண்டு முதல் நடத்தி வரும் அழிநிலை ஆவணகத் திட்டம். மற்றது, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2018ஆம் ஆண்டு தொடங்கிய நவீன அழிநிலை ஆவணகத் திட்டம். முன்னது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டவற்றையும், பின்னது இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுப் பொருள்களையும் ஏற்கிறது. ஏட்டுச்சுவடி, பழைய காணி உறுதி, ஞானஸ்நானப் பதிவேடு, கோயிற் கணக்கு என்பன முதலாவதற்குப் பொருந்தும். குடியேற்றத் திட்டங்களின் பதிவுகள், பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், திருவிழா மலர்கள், ஒலிநாடாக்கள் ஆகியன இரண்டாவதற்கு உரியவை. 1977ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மக்களின் சமய வாழ்வை ஆராய்பவருக்கு, அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்களின் கையெழுத்துக் கணக்குகளே முதன்மை மூலம். அவை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அந்தக் காகிதங்கள் ஓர் அலுமாரியிலோ ஒரு தகரப் பெட்டியிலோ இருக்கின்றன, அல்லது 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது வழியிலே கைவிடப்பட்டுவிட்டன.

இவ்விரு திட்டங்களையும் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வன்னிக்கு நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் சில உண்டு. விண்ணப்பதாரர் கலாநிதிப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஆவணத்தை அணுகக்கூடியவராகவும், உள்ளூரில் ஒரு காப்பகமோ நூலகமோ பங்காளியாக உள்ளவராகவும் இருப்பதே கணிக்கப்படுகிறது. மூலங்கள் நாட்டைவிட்டு வெளியேற முடியாது என்பது பிரித்தானிய நூலகத் திட்டத்தின் அடிப்படை விதி. எண்ணிமப் பிரதி ஒன்று உள்நாட்டிலும் இன்னொன்று அவர்களிடத்திலும் இருக்கும். முன்னோடித் திட்டங்களுக்கு 15,000 பவுண் வரையும், கலிபோர்னியத் திட்டத்தின் திட்டமிடல் கொடைக்கு 15,000 டொலர் வரையும் வழங்கப்பட்டு வந்திருக்கின்றன. கமரா, விளக்கு, சேமிப்பு வட்டு, இரண்டு இளைஞருக்கு ஓராண்டுச் சம்பளம், போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்கும். 2005ஆம் ஆண்டு முதல் எண்ணிம நூலகப் பணியில் இருக்கும் நூலக நிறுவனம் போன்ற அனுபவமுள்ள பங்காளி கிடைத்தால், தொழில்நுட்பப் பகுதியைத் தனியாகக் கற்க வேண்டிய சுமையும் குறையும்.

குறைகளும் சிறியவை அல்ல. இந்த நிதி ஆவணத்தைப் படியெடுக்கத் தரப்படுகிறதேயன்றி, அதை வாசித்து நூல் எழுதத் தரப்படுவதில்லை. ஓராண்டு முழுவதும் சுவடிகளைப் படம் பிடித்து அட்டவணையிட்ட ஒருவர், கடைசியில் ஒரு கட்டுரைகூட எழுத நேரமில்லாமல் திட்ட அறிக்கையோடு நிற்கக்கூடும். அடுத்தது அனுமதி. கோயிற் சுவடிகளும் கணக்கேடுகளும் ஆலய பரிபாலன சபையின் கையில் இருக்கும். சபையில் இரு தரப்பு இருந்தால் ஒரு தரப்பின் கையெழுத்து மறு தரப்பைப் பகைப்பதாக முடியும். எண்ணிமப் படங்கள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவைக்கப்படும் என்பதை உடையவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையாகாது. காணி உறுதிகள் சம்பந்தப்பட்டால் அது வழக்கிலும் கொண்டுபோய் விடும். 1983ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பொருள்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். மரண அறிவித்தல், காணாமற்போனோர் தொடர்பான கடிதங்கள், புகைப்படத் தொகுப்புகள் ஆகியவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் முகமும் இருக்கும். அவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்பது ஒன்று, பகிரங்கமாக வெளியிடுவது வேறொன்று. இரண்டையும் பிரித்துக் கையாளும் ஒழுங்கை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். பிரித்தானிய நூலகம் 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் எண்ணிமச் சேவைகள் நீண்ட காலம் முடங்கியதையும் மறக்கக்கூடாது. உள்ளூரில் உள்ள பிரதி வெறும் சம்பிரதாயமல்ல என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களைப் பொறுத்தவரை, எது நல்லது என்பதைவிட எது எந்த வகைக் கேள்வியை ஏற்கிறது என்பதே முக்கியம். டுசல்டோர்வ் நகரில் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கெர்டா ஹென்கல் அறக்கட்டளை வரலாற்றுத் துறைகளுக்கே உரியது: வரலாறு, தொல்லியல், கலை வரலாறு, சட்ட வரலாறு, இஸ்லாமிய வரலாற்றுக் கற்கை முதலியன. விண்ணப்பதாரரின் நாடு ஒரு தடையல்ல. ஆனால் தனிப்பட்ட ஆய்வுப் புலமைப்பரிசில் கலாநிதிப் பட்டம் முடித்தவருக்கே. பட்டத்துக்குப் படிப்பவர் ஒரு பெரிய திட்டத்தின் உறுப்பினராகவே உதவி பெறலாம். இறையியலோ சமய தத்துவமோ அங்கே இடம்பெறாது. 'வன்னியில் சைவம்' என்று எழுதினால் திரும்பி வரும், 'வன்னிமைகளின் நில ஆட்சியும் கோயில் மானியமும்' என்று எழுதினால் வாசிக்கப்படும். அமெரிக்காவின் வென்னர்-கிரென் அறக்கட்டளை மானிடவியலுக்குரியது. கலாநிதிப் பட்ட மாணவரின் கள ஆய்வுக்கு 25,000 டொலர் வரை வழங்குகிறது, எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வட்டாப்பளைப் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரியும் வழிபாட்டையோ, புதூர் நாகதம்பிரான் கோயிலுக்கு வரும் யாத்திரிகரையோ ஆராய்பவருக்கு அது மிகவும் பொருத்தம். கோயிலின் தோற்றக் காலத்தை நிறுவ விரும்புகிறவருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஐக்கிய இராச்சியத்தில் பட்டப்பின் படிப்புக்கான செலவை ஏற்கிறது. அதன் கருப்பொருள்கள் அபிவிருத்தியைச் சார்ந்தவை. வரலாற்று ஆய்வாளர் தம் ஆய்வை அந்தச் சட்டகத்துக்குள் பொருத்தி எழுத வேண்டியிருக்கும், அதில் ஓரளவு நடிப்பும் கலந்துவிடும். இருந்தாலும், ஆங்கிலேயர் காலத்து வன்னியை ஆராய்பவருக்கு லண்டனில் தங்குவது வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாத வாய்ப்பு. 1803ஆம் ஆண்டு வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனுடனான மோதல்கள் நடந்த காலத்தில் இலங்கையிலிருந்து லண்டனுக்குச் சென்ற கடிதத் தொடர்புகள், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சீ.ஓ. 54 என்ற தொடரில் உள்ளன. பண்டார வன்னியனின் தோல்வியைக் குறிக்கும் கற்சிலைமடு நினைவுக்கல்லைச் சுற்றி எழுந்த கதைகளை அந்தக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் அங்கே போகத்தான் வேண்டும்.

அமெரிக்க வழிகளில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். இலங்கையில் 1952ஆம் ஆண்டு முதல் இயங்கும் புல்பிரைட் ஆணைக்குழு இலங்கையருக்கு முதுமாணிப் படிப்பையும், கலாநிதிப் பட்டம் பெற்றோருக்கு வருகை ஆய்வாளர் வாய்ப்பையும் தருகிறது. இலங்கைக் கற்கைகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் பெயர் தேடலில் முன்னுக்கு வந்தாலும், அதன் முதன்மையான ஆய்வுக்கொடைகள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கானவை. அங்கே பிறந்து வளர்ந்த வன்னிக் குடும்பப் பிள்ளைகளுக்கு அது பயன்படலாம், கிளிநொச்சியில் இருப்பவருக்குப் பயன்படாது. 2025 ஏப்ரல் மாதத்தில் மனிதப்பண்பியலுக்கான அமெரிக்கத் தேசிய நிதியத்தின் ஏராளமான கொடைகள் ஒரேயடியாக இரத்துச் செய்யப்பட்டதையும் நினைவில் கொள்வது நல்லது. அமெரிக்க அரச நிதி ஒன்றையே நம்பி மூன்றாண்டுத் திட்டம் வகுப்பது இப்போது துணிச்சலான செயல்.

ஒல்லாந்தர் காலத்தைத் தேர்ந்தவருக்கு லெய்டன் பல்கலைக்கழகத்தைத் தவிர்த்து யோசிக்க முடியாது. ஆசிய ஆய்வாளருக்குப் பழைய ஒல்லாந்த மொழியையும் கையெழுத்தையும் கற்பித்துக் கம்பனி ஆவணங்களை வாசிக்கப் பயிற்றும் திட்டங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே வெவ்வேறு பெயர்களில் நடந்துள்ளன. இலங்கையரும் அவற்றாற் பயன்பெற்றனர். மொழி கற்க இரண்டாண்டு போகும் என்ற தயக்கம் இயல்பானதே. ஆனால் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் ஒல்லாந்தர் வன்னியரிடம் யானைத் திறையாகக் கேட்டதும் வாங்கியதும் வாங்க முடியாமற் போனதும் அந்தத் தாள்களிலேயே இருக்கின்றன. அவற்றை நேரே வாசிக்கத் தெரிந்த தமிழ் வரலாற்றாசிரியர் மிகச் சிலர். இரண்டாண்டு மொழிப் பயிற்சியோடு திரும்பும் ஒருவர் பிறகு முப்பதாண்டுக்குக் கொழும்பிலேயே வேலை செய்யலாம். என் கணிப்பில், முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட வரலாற்று மாணவர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போவதற்குரிய மிக வலுவான காரணம் இதுவே.

சைவ ஆகம, கிரியை ஆய்வாளருக்கு இந்தியா கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு தொடங்கிய பாண்டிச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தினதும் அங்குள்ள தூரகிழக்கு பிரெஞ்சுப் பள்ளியினதும் சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. இந்திய கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் இலங்கையருக்கு ஆண்டுதோறும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் தமிழிலேயே ஆய்வேட்டை எழுதலாம் என்பது ஆங்கிலத்திலே தயக்கமுள்ளவருக்குப் பெரிய ஆறுதல். உதவித்தொகை தாராளமானதன்று. வன்னிக் கோயில்களில் ஆகம வழிபாடும் மடைப் பண்டமெடுத்தல் (வழிபாட்டுப் பொருள்களை ஊர்வலமாக எடுத்து வருதல்) போன்ற கிராமிய மரபும் எவ்வாறு கலந்தன என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்து மூலங்களும் வேண்டும். அதில் ஒரு பக்கம் பாண்டிச்சேரியில் இருக்கிறது.

சமய நிறுவனங்களும் புலம்பெயர்ந்தோரும் தரும் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எளிதில் கிடைப்பதாகத் தோன்றுகிறது. புலம்பெயர் தமிழர் ஆய்வுக்குப் பணம் திரட்டவல்லவர்கள் என்பது நிரூபிக்கப்பட்ட விடயம்: ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலரும், ரொறன்ரோ ஸ்காபரோவில் அமைந்த தமிழ்க் கற்கை இருக்கைக்கு 30 இலட்சம் கனேடிய டொலரும் சேர்ந்தன. அந்தத் தொகைகளின் மிகச் சிறு பங்கு முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களின் ஆவணங்களைப் பாதுகாக்கப் போதும். ஆனால் இருக்கை என்பது பெயர்ப்பலகையோடு வருவது, ஊர் ஆவணத்தைப் படியெடுப்பது பெயரில்லாத வேலை. ஊர்ச் சங்கங்களின் பணம் திருப்பணிக்கும் கோபுரத்துக்கும் போகும் அளவு ஏட்டுக்குப் போவதில்லை. போகும்போதும், பணம் தருகிறவர் தமக்கு வேண்டிய முடிவையும் சேர்த்தே எதிர்பார்ப்பதுண்டு. கோயில் இரண்டாயிரம் ஆண்டு பழைமையானது என்று எழுதித் தர வேண்டும், அல்லது முதலிற் குடியேறியவர்கள் இன்ன குடும்பத்தார் என்று எழுதித் தர வேண்டும்.

சைவரும் பௌத்தரும் உரிமை கோரும் குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை ஆகியவற்றின் பிணக்குகள் நீதிமன்றம் வரை சென்றுள்ள இக்காலத்தில் இது சின்ன விடயமல்ல. ஒரு தரப்பின் பணத்தில் செய்யப்பட்ட ஆய்வு எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தாலும், மறு தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதற் கேள்வி நிதி எங்கிருந்து வந்தது என்பதாகவே இருக்கும். தமிழர் மத்தியில் நிலவிய பௌத்தத்தை ஆராய்பவருக்கும் இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. ஹொங்கொங்கின் ரொபர்ட் ஹோ குடும்ப அறக்கட்டளை அமெரிக்கக் கற்றறிவாளர் சங்கங்களின் பேரவை ஊடாக வழங்கி வந்த பௌத்தக் கற்கைக் கொடைகளுக்குக் குடியுரிமைத் தடை இருக்கவில்லை. தமிழ் ஆய்வாளர் ஒருவர் அதை நாடினால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பதை ஊகிக்க அதிக கற்பனை தேவையில்லை. என் பார்வையில், இந்த இரண்டு மலைகளைப் போன்ற இடங்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான் தொலைவிலுள்ள, தரப்புச் சாராத அறக்கட்டளையின் பணம் மிகவும் தேவைப்படுகிறது. ஊர்க் கோயிலின் வாய்மொழி வரலாற்றுக்கோ திருவிழா மரபுக்கோ சங்கப் பணம் போதும். அப்போதும் முடிவுகளில் தலையிடுவதில்லை என்ற உடன்படிக்கையை ஒரு தாளில் முன்னரே எழுதிக் கையெழுத்திடுவது இரு தரப்புக்கும் நல்லது.

கத்தோலிக்கத் துறவியருக்குத் தனி வழி உண்டு. மன்னார் மறைமாவட்டம் 1981ஆம் ஆண்டு உருவானது; அதற்கு முந்திய பதிவுகளுக்கு யாழ்ப்பாண மறைமாவட்டத்தையும், 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையின் ஆவணங்களையும், கிறித்தவத்தைத் தழுவியதற்காக 1544ஆம் ஆண்டு கொல்லப்பட்ட மன்னார் மறைசாட்சிகளின் காலத்துக்கு உரோமையின் இயேசு சபை ஆவணகத்தையும் பார்க்க வேண்டும். சபையின் வழியாகப் படிக்கச் செல்லும் அருட்தந்தை நிதியையும் அனுமதியையும் ஒரே இடத்தில் பெற்றுவிடுகிறார். பொதுநிலையினரான ஆய்வாளர் அதே ஆவணங்களை அணுக ஆயரின் கடிதம் ஒன்றே பல நூறு டொலர் பெறுமதியானது.

முஸ்லிம்களின் வரலாற்றைச் சேர்த்துக்கொள்பவர் பாதீட்டிலேயே புத்தளத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பல அங்கேயே தங்கிவிட்டன. முசலியினதும் முல்லைத்தீவினதும் பள்ளிவாசல்களைப் பற்றிய நினைவுகளின் பெரும்பங்கு இப்போது வன்னிக்கு வெளியே இருக்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அகழ்வை மட்டும் விண்ணப்பத்திலே சேர்க்காமல் இருப்பதே அறிவுடைமை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அகழ முடியாது. அந்த அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்தில் கொடையின் காலமே முடிந்துவிடக்கூடும். மன்னாருக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான மாந்தையில் 1980களின் முற்பகுதியில் நடந்த அகழ்வின் முழு அறிக்கை 2013ஆம் ஆண்டுதான் நூலாக வெளிவந்தது என்பது, பணமும் அனுமதியும் இருந்தபோதும் அகழ்வு எவ்வளவு நீளக்கூடியது என்பதற்குச் சான்று. ஆவணம், வாய்மொழி, கட்டடங்களின் அளவீடு என்பவற்றோடு நிற்கும் திட்டம் ஓராண்டுக்குள் முடியும்.

பணம் வந்து சேரும் முறையையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழகக் கணக்குக்கு வரும் நிதியில் ஒரு கமரா வாங்குவதற்கும் கொள்வனவு நடைமுறை உண்டு. கேள்விப்பத்திரம் கோரி, மூன்று விலைமனு பெற்று, நிதியாளரின் ஒப்பம் வாங்கும்போது மழைக்காலம் வந்துவிடும். தனிப்பட்ட கணக்குக்கு வருவது விரைவானது, ஆனால் வெளிநாட்டுப் பணம் எதற்கு வந்தது என்ற கேள்விக்கு வன்னியில் இருப்பவர் வங்கியில் மட்டுமல்லாமல் வேறு இடங்களிலும் பதில் சொல்ல நேரலாம். வழங்கிய அமைப்பின் கடிதத்தையும் திட்ட ஒப்பந்தத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கமாக எழுதிப் பிரதேச செயலகத்துக்கு முன்னரே ஒரு பிரதி கொடுத்துவைப்பது வீண் அலைச்சலைக் குறைக்கும். பாதீட்டை வெளிநாட்டு நாணயத்திலேயே போட வேண்டும். 2022ஆம் ஆண்டு டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியபோது, ரூபாயிற் கணக்கிட்டிருந்தவர்கள் திட்டத்தின் நடுவழியில் எரிபொருளுக்கே பணமின்றி நின்றார்கள்.

இவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்தால், ஆசிரியருக்கும் பட்டதாரிக்கும் முதல் தெரிவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பதிவும், அதனோடு அழிநிலை ஆவணகத் திட்டம் ஒன்றின் சிறிய முன்னோடிக் கொடையும் ஆகும். பட்டம் எழுதும் பணிக்கும் கொடை படியெடுக்கும் பணிக்கும் உதவுவதால், ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. நிரந்தர விரிவுரையாளர் ஓராண்டு விடுமுறையையும் கொழும்பு ஆவணங்களையும் முதலிற் பயன்படுத்திவிட்டு, அந்த வேலையிலிருந்து எழும் கேள்வியோடு கெர்டா ஹென்கல் போன்ற இடத்துக்குப் போகலாம்; கேள்வி இல்லாமல் போனால் முன்மொழிவு வெறுமையாக இருக்கும். இருபத்தைந்து வயதில் இருப்பவர், குடும்பப் பொறுப்பு அனுமதிக்குமாயின், லெய்டனுக்கு விண்ணப்பிக்கட்டும். அருட்தந்தையர் தங்கள் சபையைக் கேட்கட்டும். எந்த நிறுவனத்தையும் சாராமல் ஊரில் இருந்துகொண்டு பழைய காகிதங்களைச் சேர்த்துவரும் முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பம் எழுதப் போவதில்லை. அவர்களுடைய சேகரத்தை மையமாக வைத்து, அவர்களை ஆலோசகராகச் சம்பளப் பட்டியலிற் சேர்த்து, இளையவர் ஒருவர் விண்ணப்பிப்பதற்கு அழிநிலை ஆவணகத் திட்டங்கள் இரண்டின் விதிகளிலும் தடையில்லை.